ஒரே செட்டில் வீடு முழுக்கப் பாட்டு

சிவகிரியில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்னால் பட்டாசால், நடுவில் ஓர் அறை, கடைசியில் அடுக்களை. போன தீபாவளிக்குப் பையன் ஒரு சரவுண்ட் சவுண்டு ஆம்பிளிஃபயர் வாங்கிப் பட்டாசாலில் வைத்தான். ஐந்து ஸ்பீக்கர் பெட்டி, ஒரு வூஃபர். பட்டாசாலில் உட்கார்ந்தவருக்குத் தியேட்டர்தான். நடு அறையில் படுத்திருக்கும் மாமியாரோ, “ஏட்டி, எனக்கு ஒண்ணும் கேக்கலியே, கொஞ்சம் கூட்டேன்” என்பார்கள். கூட்டினால், பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளின் குழந்தை தொட்டிலில் வீறிட்டு அழும்.

“கோயில் கொடையில ஒரே செட்டுல தெரு முழுக்கப் பத்துக் குழாய் பாடுது. நம்ம வீட்டுல மூணு இடத்துல பாடாதா?” என்றார் என் கணவர். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

முதலில் பின்பக்கத்துப் பெட்டிகள் இரண்டையும் நடு அறைக்கும் அடுக்களைக்கும் கொண்டுபோனோம். ரேடியோ போட்டால் ஊமை. படம் போட்டால் அடுக்களையில் மழை மட்டும் பெய்தது, வசனத்தைக் காணோம்! வசனமெல்லாம் பெரும்பாலும் நடுப் பெட்டியில்தான் வருமாம். பின்பெட்டிக்கு மழை, இடி, கார் சத்தம் மாதிரிதான்.

அவற்றைத் திரும்ப மாட்டிவிட்டு, பழைய பெட்டிகள் இரண்டை எடுத்து முன்பெட்டி வயரோடு சேர்த்து முறுக்கினார் இவர். மூன்று இடத்திலும் பாட்டு! இருபது நிமிஷம். பிறகு பட்டென்று அணைந்துவிட்டது. மேலே கை வைத்தால் தோசைக்கல். அதன்மேல் நான் குரோஷா விரிப்பு வேறு போட்டிருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

மைக் செட் போடுகிற தம்பி வந்து பார்த்தார். “யக்கா, கொடையில ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. 100 வோல்ட் லைன். மொத்த வாட்ஸ் மிஞ்சாம எத்தனையும் மாட்டலாம். வீட்டு செட்டு அப்படி இல்ல” என்றார்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் இத்தனை ஓம்ஸ் என்று போட்டிருக்கும். 8 ஓம்ஸ் பெட்டிகள் இரண்டை ஒரே இடத்தில் சேர்த்து மாட்டினால், ஆம்பிளிஃபயருக்கு அது 4 ஓம்ஸ். ஓம்ஸ் குறையக் குறைய அது அதிகக் கரண்டைத் தள்ளவேண்டும். எங்கள் செட்டின் பின்னால் ‘6 முதல் 16 வரை’ என்று அச்சிட்டிருந்தது. யார் பார்த்தோம்? தானே அணைந்ததால் பிழைத்தது.

அதே முதுகில் இன்னொன்றும் இருந்தது. எங்களுடையது ஏழு பெட்டிக்கான செட். ஐந்துதான் மாட்டியிருந்தோம், மீதி இரண்டு வாய் சும்மா கிடந்தது. அதை ‘ஸோன் 2’ என்று அமைத்தால் வேறு அறைக்கு விடலாமாம், சத்தமும் தனியாக. ஆளுக்கு ஒரு பெட்டி என்பதால் ‘மோனோ’ வைத்தோம். இல்லாவிட்டால் பாதிப் பாட்டு அத்தைக்கு, பாதி எனக்கு! ஒன்று, டி.வி. சத்தத்தைச் சில செட்டுகள் இரண்டாவது அறைக்கு விடாது, எங்களுடையதும் விடவில்லை. ரேடியோ வருகிறது, அத்தைக்கு அது போதும்.

இந்த வசதி இல்லாத செட் வைத்திருக்கும் சகோதரிகள், ஓம்ஸைக் காக்கும் ஸ்பீக்கர் செலக்டர் பெட்டி என்று கேட்டு வாங்குங்கள். சும்மா சுவிட்ச் மட்டும் உள்ளது வேண்டாம்.

வயர் நாற்பது அடி ஓடுகிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டோம், கரண்டு வயர் போகும் குழாயில் சேர்க்காமல். சிவப்பும் கறுப்பும் இரண்டு முனையிலும் மாறக்கூடாது. உரித்த இழை ஒன்று பக்கத்து இழையைத் தொட்டாலும் செட்டுக்கு ஆபத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மாட்டவேண்டும். மேலே ஒரு சாண் காற்று விட்டிருக்கிறேன். விரிப்பு இப்போது பீரோ மேல்.

தொட்டில் பக்கம் பெட்டி வைக்கவில்லை. காதில் மாட்டிக் கேட்கும் கருவிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன அளவு, குழந்தைகளுக்கு 75 டெசிபல், அதுவும் வாரத்துக்கு 40 மணி நேரம்தான். நாம் பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் சுமார். பச்சைக் குழந்தை இருக்கும் இடத்தில் பேச்சுச் சத்தத்தைப் பாட்டு தாண்டவேண்டாம் என்று நாங்களே வைத்துக்கொண்டோம்.

அத்தை கட்டில் பக்கம் சுவரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு வைத்துக்கொடுத்தார் தம்பி. இப்போது யாரையும் கூப்பிடுவதில்லை. செய்திக்குக் கூட்டுகிறார்கள், விளம்பரத்துக்குக் குறைக்கிறார்கள். இவர் அடுத்து வாசல் திண்ணைக்கு ஒன்று வேண்டும் என்கிறார். சாரல் அடிக்கும் இடம், யோசித்துத்தான் செய்யவேண்டும்.