முகமூடியும் ஒரு போனும்

இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் இறந்தபோது, மருத்துவர்கள் சொன்ன காரணம் பலரைக் குழப்பியது: ஸ்லீப் ஆப்னியா. குறட்டைக்காரர்களின் நோய் என்று நினைத்திருந்தது ஆளையே கொல்லுமா?

கொல்லும். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை திடுக்கிட்டு எழுப்புகிறது. முற்றிய நிலையில் ஒரே இரவில் நூறு தடவைக்கு மேல். படுத்திருப்பவருக்கு எதுவும் நினைவிருக்காது. நாட்டில் உழைக்கும் வயதினரில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இது உண்டு என்று 2023-ல் எய்ம்ஸ் மருத்துவர்கள் கணக்கிட்டார்கள். லாரி ஓட்டுபவர்களும் அதில் அடக்கம் என்பதை நினைத்தால் நமக்கும் தூக்கம் போய்விடும்.

இதற்கு முதன்மையான சிகிச்சை மாத்திரை அல்ல. முகமூடி வழியே காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் ‘சிபேப்’ இயந்திரம். 1981-ல் சிட்னியில் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்தியது. நன்றாகவே வேலை செய்கிறது, மாட்டிக்கொண்டால். மூக்கு வறள்கிறது, கசியும் காற்று கண்ணில் அடிக்கிறது, குழாய் இழுக்கிறது. பல ஆயிரங்கள் கொடுத்து வாங்கியது சில வாரங்களில் பரணுக்குப் போய்விடுகிறது.

இன்றைய இயந்திரங்கள் பலவும் எத்தனை மணி நேரம் ஓடின, எவ்வளவு காற்று கசிந்தது என்று தினமும் தகவல் அனுப்புகின்றன. கலிபோர்னியாவில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்கள் முதல் 90 நாட்களில் சராசரியாக இரவுக்கு 3.8 மணி நேரம் சிபேப் பயன்படுத்தினார்கள். இணையவழிப் பாடம் மட்டும் சேர்ந்தபோது 4.0. பாடத்தோடு, பயன்பாட்டைக் கவனித்துச் செய்தியும் அனுப்பியபோது 4.8. அனுப்பியது மனிதர்கூட அல்ல, கணினிதான்!

அமெரிக்க மெடிகேர் காப்பீட்டுக்கு இதே கணக்கு வேறு விதத்தில் உதவுகிறது: ஆரம்ப மாதங்களில் போதிய இரவுகள், இரவுக்கு 4 மணி நேரமாவது மாட்டாவிட்டால் இயந்திரத்துக்கான பணம் நின்றுவிடும். இந்தப் பிரம்பு நமக்கு வேண்டாம்.

இங்கே தொலைமருத்துவத்துக்கு 2020 மார்ச்சிலேயே விதிமுறைகள் வந்துவிட்டன. தகவலும் வருகிறது. அதைப் பார்ப்பது யார்? மருத்துவர் விற்பனையாளரைக் காட்டுகிறார். விற்பனையாளர், ரசீதோடு கடமை முடிந்தது என்கிறார். வாங்குமுன் இருவரிடமும் கேளுங்கள்: முதல் வாரம் என்னைக் கூப்பிடப் போவது யார்? முகமூடியின் அளவை மாற்றினாலே பலருக்குக் கசிவு நின்றுவிடும். அதற்காகப் பெரிய நகரத்துக்கு ரயில் ஏற வேண்டியதில்லை; மூன்றாம் நாள் காலையில் ஒரு போன் வந்தால் போதும்.