வாசலுக்குத் தளம்: சதுர அடிக்கு எவ்வளவு?

தை பிறந்தால் அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. வீட்டுக்கு வீடு விருந்தாளிகள் வருவார்கள். வாசலில் பொங்கல் பானை ஏற வேண்டும், பெரிய கோலம் போட வேண்டும். மழையில் சேறாகிக் கிடக்கும் வாசலைப் பார்த்து, "இந்த வருஷமாவது தளம் போட்டுவிட வேண்டும்" என்று வீட்டுக்காரி சொல்லுவாள். வீட்டுக்காரரும் காண்டிராக்டரைத் தேடிப் புறப்படுவார்.

போனதும் அவர் கேட்கும் முதல் கேள்வி என்ன?

"சதுர அடிக்கு எவ்வளவு?"

இந்த ஒரு கேள்வியோடு நின்றுவிடுவதால்தான் பல குடும்பங்களின் பணம் மண்ணோடு போகிறது.

2011-ல் அவனியாபுரம் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. விமான நிலையத்துக்குப் போகும் பாதை இது. வயலும் பொட்டலுமாக இருந்த இடங்களில் வீடுகள் எழுந்துவிட்டன. வீட்டைக் கட்டி முடிக்கும்போது கையில் இருந்த பணமும் தீர்ந்துவிடுகிறது. வாசல் வேலை தள்ளிப் போகிறது. பிறகு சீட்டுப் பணம் எடுத்தோ, நகையை அடகு வைத்தோ அதைச் செய்கிறார்கள். அப்படிப் போட்ட தளம் இரண்டு மழைக்குள் வெடித்துப் போனால் வயிறு எரியாதா?

ஒருவர் சொல்லும் விலைக்கும் இன்னொருவர் சொல்லும் விலைக்கும் ஏன் அத்தனை வித்தியாசம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

18 மூட்டையும் 9 மூட்டையும்

வாசல் 20 அடி நீளம், 15 அடி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 300 சதுர அடி. 4 அங்குல கனத்தில் கான்கிரீட் போட்டால் 100 கன அடி ஆகும். லாரிக்காரர் கணக்கில் அது சரியாக ஒரு யூனிட்.

ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி. இது நல்ல கலவை. இதற்கு ஏறக்குறைய 18 மூட்டை சிமெண்டு வேண்டும்.

அதே வாசலுக்கு 3 அங்குல கனத்தில், ஒன்றுக்கு மூன்று, ஆறு என்ற கலவையைப் போட்டால்? 9 மூட்டைக்குச் சற்று மேலே போதும்! மணலிலும் ஜல்லியிலும் கால் யூனிட்டுக்கு மேல் மிச்சம்.

மேலே பூச்சுப் பூசிவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பளபளப்பில் 9 மூட்டைத் தளம் 18 மூட்டைத் தளத்தை ஜெயித்தாலும் ஜெயிக்கும்!

மூட்டை 350 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 9 மூட்டை குறைந்தால் 3,150 ரூபாய். அதை 300 சதுர அடியால் வகுத்தால் பத்தரை ரூபாய் வருகிறது. "அந்த ஆளை விட நான் சதுர அடிக்குப் பத்து ரூபாய் குறைத்துச் செய்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பத்து ரூபாயைச் சிமெண்டில் மட்டுமே அவர் எடுத்துவிட முடியும். தம் லாபத்தில் ஒரு காசு குறைக்க வேண்டியதில்லை.

ஆனால் எல்லாக் காண்டிராக்டரையும் திருடன் என்று சொல்லிவிடக் கூடாது. ஆட்கள் மட்டும் நடக்கும் இடத்துக்கு 3 அங்குலம் போதும் என்று அனுபவமுள்ள கொத்தனார் சொன்னால் அது ஏமாற்று அல்ல. கார் ஏறி இறங்கும் இடத்துக்குத்தான் 4 அங்குலமாவது வேண்டும். 3 அங்குலம் போடுகிறாரா? போடட்டும். கூலியும் விலையும் 3 அங்குலத்துக்கு உரியதாக இருக்கட்டும்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டு மீதான ஜி.எஸ்.டி. வரி 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. உங்கள் காண்டிராக்டர் சொல்லும் விலை அதற்கு முந்தின கணக்கா, பிந்தின கணக்கா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தப்பில்லை.

கண்ணுக்குத் தெரியாத வேலை

தளத்தின் ஆயுள் தளத்தில் இல்லை, அடியில் இருக்கும் மண்ணில் இருக்கிறது. திருமங்கலம் பக்கம் போனால் கரிசல் மண். மழை பெய்தால் உப்பும், வெயில் அடித்தால் வெடிக்கும். அதன் மேலே அப்படியே தளம் போட்டால் அதுவும் கூடவே வெடிக்கும். மேல்மண்ணை வெட்டி எடுத்து, கிராவல் அடித்து, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்க வேண்டும். இதற்கு ஒரு நாள் கூலியாவது ஆகும். விலையைக் குறைத்துக் கேட்டால் முதலில் பறிபோவது இந்த ஒரு நாள்தான். பிறகு யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்?

மணலிலும் கவனம் வேண்டும். ஆற்று மணல் அரிதாகிவிட்டதால் இப்போது கல்லை உடைத்துச் செய்யும் எம்.சாண்டையே பலரும் வாங்குகிறார்கள். அது நல்ல சரக்குதான். ஆனால் கிரஷர் தூசியையும் அதே பெயரில் தள்ளிவிடுவார்கள். ஒரு கண்ணாடித் தம்ளரில் ஒரு கைப்பிடி போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சில மணி நேரம் வையுங்கள். மணலுக்கு மேலே மாவு போலத் தூசி தடித்துப் படிந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

சின்ன வாசலுக்கு ஏன் அதிக விலை?

"எதிர் வீட்டில் 600 சதுர அடிக்குக் குறைவாக வாங்கினீர்களே, என் 100 சதுர அடிக்கு ஏன் அதிகம்?" என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. இதில் காண்டிராக்டர் பக்கமே நியாயம். அரை லோடு ஜல்லிக்கும் லாரி வாடகை அதிகம் குறையாது. கொத்தனாரும் நிமிந்தாளும் சித்தாளும் பாதி நாள் வேலைக்கு வந்தாலும் முழு நாள் கூலி கொடுக்க வேண்டும். கலவை இயந்திரத்துக்கும் அப்படியே. பக்கத்துப் பக்கத்து வீட்டார் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் வேலை வைத்தால் எல்லோருக்கும் குறையும். அண்ணன் தம்பி வீடுகளிலேயே இதைச் செய்யமாட்டேன் என்கிறார்களே, அதுதான் வேடிக்கை!

லாரி நுழையாத சந்தானால் இன்னும் ஏறும். தெருமுனையில் கொட்டிய ஜல்லி முழுவதும் சித்தாளின் தலையில் ஏறித்தான் உங்கள் வாசலுக்கு வருகிறது. பேரம் பேசிப் பேசிக் குறைக்கும்போது அந்தப் பெண்ணின் கூலியில்தான் கடைசியில் கை வைக்கிறார்கள். கட்டிடத் தொழிலாளர்களுக்காகத் தமிழ்நாட்டில் 1994-ல் நல வாரியம் அமைக்கப்பட்டது. உங்கள் வேலைக்கு வரும் ஆட்கள் அதில் பதிந்திருக்கிறார்களா என்று காண்டிராக்டரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

தண்ணீர் எங்கே போகும்?

300 சதுர அடி வாசலில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 1,400 லிட்டர் தண்ணீர் விழும். 15 லிட்டர் குடத்தில் 90 குடத்துக்கு மேல்! மண் வாசலாக இருந்தால் பூமி குடித்துக்கொள்ளும். தளம் போட்ட பிறகு அது எங்கே போகும்? வாட்டம் சரியில்லை என்றால் வீட்டுக்குள்ளே வரும். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுச் சுவரில் இறங்கி, வம்பு வந்து சேரும். 5 அடிக்கு 1 அங்குலமாவது இறக்கம் வேண்டும். 15 அடி அகலத்துக்கு 3 அங்குலம். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. அந்தக் குழியின் வாயைச் சிமெண்டால் மூடிவிடாதீர்கள். அந்தத் தண்ணீரை அதில் இறக்குங்கள். சுவரோரம் இரண்டடி மண்ணாகவே விட்டால் ஒரு முருங்கையாவது நிற்கும், செலவும் குறையும்.

சிமெண்டுத் தளத்துக்குப் பதிலாகப் பேவர் கல் பதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். குழாய் உடைந்தால் கல்லைப் பெயர்த்துத் திரும்பப் பதிக்கலாம். அதிலும் கனம்தான் விலை. நடப்பதற்கு 60 மில்லிமீட்டர் கல், பாரவண்டி ஏறும் இடத்துக்கு 80 மில்லிமீட்டர் கல்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தளம் போட்ட மறுநாளிலிருந்து ஏழு நாளாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். இதைக் காண்டிராக்டர் செய்வாரா, நீங்கள் செய்வீர்களா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு தளம் போடச் சொல்லி, அதன் மேலே அடுப்பு மூட்டுவது வேண்டாம். மார்கழிக்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

அச்சாரம் கொடுக்கும்போது ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எத்தனை அங்குலம், எத்தனை மூட்டை, என்ன கலவை, அடிமண் வேலை உண்டா, தண்ணீர் ஊற்றுவது யார்? இவ்வளவும் அதில் இருக்கட்டும். எழுதத் தயங்கினால் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். மூட்டை இறங்கும்போது எண்ணுங்கள். தளம் இறுகுமுன் ஒரு குச்சியில் 4 அங்குலம் குறித்துக்கொண்டு நாலு இடத்தில் அளந்து பாருங்கள். கடைசித் தவணையை மட்டும் கையில் வைத்திருங்கள். ஏழு நாள் கழித்து வாசற்படியில் நான்கு குடம் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். எங்கேயும் தேங்காமல் அது குழியைத் தேடி ஓடினால், அன்றைக்கே எண்ணிக் கொடுத்துவிடுங்கள். அவரை இழுத்தடிக்காதீர்கள்.