ஒரு கட்டளை, பல வாசல்கள்

விற்பனையைப் பதிய எஃப்8. கொள்முதலுக்கு எஃப்9. பணம் கொடுத்தால் எஃப்5, வந்தால் எஃப்6. டேலி சாஃப்ட்வேரில் கணக்கு எழுதுகிறவர்களின் விரல்களுக்கு இது மனப்பாடம்.

டேலி, பெங்களூர் நிறுவனம் ஒன்றின் படைப்பு. ஆலைகளுக்கு மூலப்பொருட்களும் இயந்திர பாகங்களும் சப்ளை செய்துவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் வியாபாரத்துக்குத் தோதான கணக்கு சாஃப்ட்வேர் கிடைக்காததால் மகன் பரத் கோயங்காவையே எழுதச் சொன்னார். 1986இல் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் டேலி சொல்யூஷன்ஸ் ஆனது.

இதுபோன்ற சாஃப்ட்வேரில் ஒரே கட்டளைக்குப் பல வாசல்கள் உண்டு: மெனு, பொத்தான், விசை. புதிதாக புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வாசலிலும் அதே வேலையைத் தனித்தனியாக எழுதிவைப்பார்கள். வினை அங்கேதான் தொடங்குகிறது. பதிவை நீக்கும் உரிமை எல்லோருக்கும் கூடாது என்று மெனுவில் தடை போடுகிறீர்கள். விசையை மறந்துவிடுகிறீர்கள். வாசலில் பூட்டு, கொல்லைக் கதவு திறந்தே கிடக்கிறது. அழிவது யாரோ ஒரு வியாபாரியின் வருடக் கணக்கு.

மருந்து எளிது. கட்டளைக்கு ஒரு பெயர் வைத்து ஒரே இடத்தில் எழுத வேண்டும். அதன் தலைப்பு, விசை, செய்ய வேண்டிய வேலை, எப்போது முடங்க வேண்டும் என்ற நிபந்தனை எல்லாம் அங்கேயே இருக்கட்டும். மெனுவும் பொத்தானும் பெயரைச் சொல்லி அழைத்தால் போதும். போர்லண்ட் நிறுவனம் 1998இல் டெல்ஃபி 4இல் தந்த 'ஆக்‌ஷன் லிஸ்ட்' இதற்காகத்தான். டேலியைத் தேவைக்கேற்ப மாற்றியமைக்க உதவும் டி.டி.எல். மொழியிலும் இதே வழிதான். ஒரு பொத்தானை ஒருமுறை வரையறுத்துவிட்டால், வேண்டிய திரைகளில் எல்லாம் பெயர் சொல்லி மாட்டிக்கொள்ளலாம்.

இதில் இன்னொரு லாபம், மாற்றம் சுலபமாகிறது. 2020இல் டேலிபிரைம் வந்தபோது கிரெடிட் நோட்டுக்கான விசை கன்ட்ரோல் எஃப்8இலிருந்து ஆல்ட் எஃப்6க்கு மாறியது. விற்பனைக்கும் கொள்முதலுக்கும் உரிய விசைகளில் கை வைக்கவில்லை. ஒழுங்காக எழுதிய புரோகிராமில் விசையை மாற்றுவது ஒரு வரி வேலை. பல வருடம் பழகிய விரலுக்கு அது அத்தனை சுலபமல்ல. அந்த ஒரு வரியைத் தொடும் முன், கணக்குப்பிள்ளையின் விரல்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது.