விளையாட்டுக்கு மட்டும் ஏன் எண் இல்லை?

மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறைக்குப் பக்கத்துச் சரிவைப் பார்த்திருப்பீர்கள். டூர் வரும் பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கியே வழவழப்பாகிவிட்ட பாறை அது. கொஞ்சம் இடமும் நேரமும் கிடைத்தால் பிள்ளைகள் தாங்களே விளையாட்டைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

அந்த இடமும் நேரமும்தான் குழந்தைகள் இல்லங்களில் அரிதாக இருக்கின்றன. கடற்கரைப் பக்கமோ செங்கல்பட்டுப் பக்கமோ, ஒரு இல்லத்துக்கு உதவ நினைப்பவர்கள் என்ன கொண்டுபோகிறார்கள்? பிறந்தநாள் பிரியாணி, கேக், நோட்டுப் புத்தகம். எல்லாம் நல்லதுதான். ஆனால் "சாயங்காலம் எங்கே விளையாடுகிறார்கள்?" என்று கேட்பவர் குறைவு.

சட்டமும் இதில் கொஞ்சம் நழுவத்தான் செய்கிறது. 2016-ஆம் ஆண்டு இளைஞர் நீதி மாதிரி விதிகளில் 50 பிள்ளைகள் உள்ள இல்லத்துக்கு அளவுகள் சொல்லியிருக்கிறார்கள். படுக்கும் கூடம் 25 பேருக்கு 1000 சதுர அடி, சாப்பாட்டுக் கூடம் 800, சமையலறை 250. விளையாட்டு மைதானம் என்று வரும்போது மட்டும் எண்ணிக்கைக்கு ஏற்பப் போதுமான இடம் என்று முடித்துவிட்டார்கள்! காமர்ஸ் படிப்பவர்களுக்குத் தெரியும், தொகை எழுதாத இனம்தான் பட்ஜெட்டில் முதலில் வெட்டுப்படும். அந்த இடம் துணி காயப்போடவும் வேன் நிறுத்தவும் போய்விடும். விளையாட்டு குழந்தையின் உரிமை என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது 1992-ல்.

பணம் இல்லை என்பது பாதி சாக்குதான். பூஜா ராய் ஐஐடி காரக்பூரில் ஆர்க்கிடெக்சர் படித்தபோது, ஒரு இல்லத்துப் பிள்ளைகள் செருப்பை பேட்டாக்கி பேட்மிண்டன் ஆடுவதைப் பார்த்தார். நண்பர்களோடு சேர்ந்து பழைய டயர்களை வைத்தே விளையாடும் இடம் அமைத்தார். பிறகு அது ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ் என்ற அமைப்பாக வளர்ந்து, நாடெங்கும் இப்படி நூற்றுக்கணக்கான இடங்களைக் கட்டியிருக்கிறது.

ஜிஎஸ்டி ரோட்டில் பழைய லாரி டயருக்குப் பஞ்சமா என்ன? கம்பி துருத்தாத டயராகப் பார்த்துக் கழுவி, அடியில் ஓட்டை போட வேண்டும். இல்லையென்றால் மழைநீர் தேங்கிக் கொசு வரும். ஊஞ்சலுக்கு அடியில் மணல், மேலே வேப்பமர நிழல். (நம்ம ஊர் வெயிலில் இரும்புச் சறுக்குமரம் தோசைக்கல்தான்!) என்ன வேண்டும் என்று முதலில் பிள்ளைகளையே கேட்கட்டும். மணிக்கு எழுந்து மணிக்குச் சாப்பிடும் பிள்ளை, தானே முடிவெடுக்கும் நேரம் அது ஒன்றுதான். பெரிய பெண்பிள்ளைகளையும் மறக்காமல் கேட்க வேண்டும்.

எல்லாம் கட்டிய பிறகு விருந்தாளி வரும் நாளில் மட்டும் கேட்டைத் திறந்தால் என்ன பயன்? வார்டன்களைக் குறை சொல்லவும் முடியாது. பிள்ளை விழுந்து கையை உடைத்துக்கொண்டால் விசாரணை அவர் மேல்தான், பார்த்துக்கொள்ள ஆளும் கிடையாது. அந்த ஆளாகக் கல்லூரி மாணவர்கள் போகலாம். இல்லத்திடமும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடமும் அனுமதி வாங்கி, வாரத்தில் இரண்டு மாலை. போட்டோ மட்டும் வேண்டாம், இந்தப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதை 2015 சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது.