கட்டங்களாய்த் தெரியும் தமிழ்

கணிப்பொறியில் தமிழைப் போட்டுப் பார்த்து, எழுத்து வரவேண்டிய இடத்தில் வெறும் கட்டங்களைக் கண்டு, "தமிழுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒத்துவராது" என்று கைவிட்ட குடும்பங்கள் நம்மிடையே அநேகம். பிறகு ஊருக்குப் போகும் செய்தி ஆங்கில எழுத்தில் போகிறது. பிள்ளைகளும் அதையே பழகிக்கொள்கிறார்கள்.

பழுது தமிழில் இல்லை. தொண்ணூறுகளில் வந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தன. எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதில் ஆளுக்கொரு கணக்கு. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்ற குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் வகுத்துக் கொடுத்தும் பழைய கணக்குகள் உடனே ஒழியவில்லை. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010இல்தான்.

ஆகவே திரையில் என்ன தெரிகிறது என்று முதலில் நிதானமாகப் பாருங்கள். ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டினால் அது பெரும்பாலும் பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு. அந்த எழுத்துரு உங்களிடம் இல்லை, அவ்வளவே. கட்டங்கள் தெரிந்தால் கோப்பு பெரும்பாலும் யூனிகோடில் இருக்கிறது, காட்டுவதற்குத் தமிழ் எழுத்துரு இல்லை. கொம்பும் காலும் தனித்தனியே சிதறி நின்றால் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் வசதி இயங்கவில்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அதற்குத் தனியாக ஒரு கட்டத்தில் குறியிட்டு, மூலக் குறுந்தகட்டையும் போடவேண்டியிருந்தது. குறுந்தகடு எத்தனை வீட்டில் இருந்தது! இன்றைய விண்டோஸில் தமிழ் எழுத்துருவும் விசைப்பலகையும் உள்ளேயே கிடைக்கின்றன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும்.

பழைய மென்பொருளை நிறுவும்போது "இந்தக் கணிப்பொறியில் இயங்காது" என்று வந்தால் பத்துத் தடவை அழுத்திப் பயனில்லை. 16 பிட் காலத்து மென்பொருள் 64 பிட் விண்டோஸில் ஓடாது. பிழைச் செய்தியைப் படிக்காமலே 'ஓகே' தட்டுவது நமக்கு ஒரு வியாதி.

இதில் நாம் மட்டும் தனியாக இல்லை. 'நுடி'யில் அடித்த பழைய கோப்புகளோடு பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரும் இதே பாடு பட்டிருப்பார்.

கௌதள்ளிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களை இங்கே நினைக்கிறேன். கொள்ளேகாலம் வட்டாரம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அங்குள்ள பலர் குடிபெயரவில்லை, எல்லைதான் பெயர்ந்தது. கன்னடப் பள்ளியில் படிக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து கண்ணில் படுவதே திரையில்தான் என்றால், அங்கேயும் கட்டம் தெரிவது சிறிய விஷயமல்ல.

சங்கங்களுக்கு என் யோசனை இது. ஆண்டு மலர்களும் உறுப்பினர் கட்டுரைகளும் பழைய எழுத்துருக்களில் நெகிழ்தட்டிலும் குறுந்தகட்டிலும் முடங்கிக் கிடக்கும். அவற்றை இப்போதே யூனிகோடுக்கு மாற்றவேண்டும். எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்துவிட்டால் மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் 'கெ', 'கொ' வரும் சொற்களைச் சரிபாருங்கள். பழையவற்றில் கொம்பு முன்னால் நிற்கும்; யூனிகோடில் 'க'வுக்குப் பின்னால் பதிவாகும். தடுமாற்றம் அங்கேதான் வரும். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிட வேண்டாம். பிழை தென்பட்டால் அதைத்தான் மறுபடி எடுத்துப் பார்க்கவேண்டியிருக்கும்.