துணியில் ஒரு கேக்

கனடாவிலும் அமெரிக்காவிலும் கர்ப்பிணிப் பெண்ணுக்காக நடத்தும் விருந்துகளில் மேசை நடுவில் ஒரு கேக் இருக்கும். அதை வெட்டிச் சாப்பிட முடியாது. டயப்பர்களைச் சுருட்டி, அடுக்கி, றிபன் கட்டிச் செய்த கேக் அது. விருந்து முடிந்ததும் பிரித்து ஒவ்வொன்றாகப் பிள்ளைக்குப் பாவிப்பார்கள். வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் படங்களில் இதைக் கண்ட சகோதரிகள் சிலர், எங்கள் மாதர் சங்கத்திலும் இப்படிச் செய்து கொடுக்கலாமா என்று கேட்டார்கள்.

தாராளமாகச் செய்யலாம். ஆனால் கடை டயப்பரில் வேண்டாம். 2022ஆம் ஆண்டு நெருக்கடியோடு ஏறிய விலைகளில் அது கூலிவேலைக் குடும்பங்களின் கைக்கு எட்டாத பொருளாகிவிட்டது. பிறந்த பிள்ளைக்குரிய சிறிய அளவு சில கிழமைகளில் போதாமலும் போய்விடும். துணி நப்பியில் செய்தால் அடுத்த பிள்ளைக்கும் உதவும்.

45 அங்குல அகலமுள்ள மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி 6 யார் வாங்குங்கள். பருத்தி சுருங்கும், ஆகையால் வெட்ட முன்னரே நனைத்துக் காயவிட வேண்டும். பிறகு அகலத்தை இரண்டாகப் பிளந்து, ஏறத்தாழ 22 அங்குலச் சதுரங்களாக வெட்டினால் 18 துண்டுகள் வரும். நான்கு பக்கமும் மடித்துத் தையுங்கள். நூல் பிரிந்து தொங்கினால் பிள்ளையின் விரலில் சுற்றிக்கொள்ளும். தைத்து முடிந்ததும் இன்னொரு முறை தோய்த்து நல்ல வெயிலில் உலர்த்துங்கள். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் சுருட்டி வைத்த துணியில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

ஒவ்வொரு துண்டையும் இரண்டாக மடித்து, அதே பக்கமாக மறுபடியும் இரண்டாக மடித்தால் நீண்ட பட்டி போல வரும். அதை இறுக்கமாகச் சுருட்டி ஒரு றப்பர் பட்டி போடுங்கள். பிஸ்கற் பேணியின் மூடியைக் கவிழ்த்து வைத்தால் அதுவே தட்டு. பிள்ளைக்குரிய துவாயொன்றைச் சுருட்டி அதன் நடுவில் நிறுத்தி, சுற்றிவர 12 சுருள்களை நெருக்கமாக நிறுத்தி, எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிய றப்பர் பட்டியொன்றால் இறுக்கினால் கீழ்த்தட்டு முடிந்தது. மேல்தட்டுக்கு நடுவில் சுருட்டிய சின்னச் சட்டை, சுற்றிவர 6 சுருள், பிறகு இன்னொரு பெரிய பட்டி. பட்டிகள் தெரியாமல் அகலமான றிபன் சுற்றுங்கள். இரண்டு தட்டும் சரியாமல் இருக்க, இன்னொரு றிபனை மூடிக்கு அடியால் எடுத்துக் குறுக்காகக் கட்ட வேண்டும். பசையும் குண்டூசியும் கிட்டவும் வரக்கூடாது.

அழகுக்காகப் பாற்போத்தலும் சூப்பியும் செருகுகிறவர்கள் உண்டு. முதல் 6 மாதமும் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று கிளினிக்கில் மருத்துவமாது சொல்லிக்கொண்டிருக்க, நாங்களே போத்தலை அலங்காரமாக நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு குழந்தைச் சவர்க்காரம் வைத்தால் போதும். துணியை அலுமாரியில் எடுத்து வைப்பதானால் நப்தலின் பூச்சி உருண்டை போடவே வேண்டாம். அதன் ஆவி படிந்த துணியால் சில சிசுக்களுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான செங்கண்மாரி வரும்.

பிறந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவையளவில் துணி மாற்ற வேண்டியிருக்கும். 18 துண்டு இரண்டு நாளைக்கும் காணாது. மாரியில் வன்னிப் பக்கம் கொடியில் போட்ட துணி காய்கிற பாடில்லை. அந்த மாதங்களில் பேறு என்றால் 36 துண்டாகத் தையுங்கள். மீதி 18ஐ மடித்துப் பையில் வைத்துக் கொடுக்கலாம்.

துணியை ஒருவர் வாங்க, பலர் ஆளுக்கிரண்டு துண்டாகத் தைப்பது நல்லது. வாங்கிய பரிசு திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனாகிவிடுகிறது என்று மார்செல் மௌஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925இல் எழுதினார். யார் எவ்வளவு கொடுத்தார் என்று கொப்பியில் எழுதி வைக்கும் எங்களுக்கு இதை அவர் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை. கணவன் கைவிட்ட பெண்ணுக்கும் உழைப்பவர் இல்லாத வீட்டுக்கும் அந்தக் கொப்பி பெரிய பாரம். பலர் தைத்துச் சுருட்டிய கேக்கில் எந்தத் துண்டு யாருடையது என்று பிரித்தறிய முடியாது.

இந்த வேலையில் ஒரு சிக்கலும் வந்தது. 2009இல் கணவர் காணாமற்போன சகோதரி ஒருவர்தான் அந்தச் சங்கத்தில் கைதேர்ந்த தையற்காரி. அவர் சொன்னார்: "நான் தைச்சுத் தாறன் தங்கச்சி. ஆனால் குடுக்கிற அண்டைக்கு அங்க வரமாட்டன். என்ர முகத்தில முழிக்கிறது அந்தப் பிள்ளைக்குச் சரியில்லை எண்டு ஆரும் சொல்லிப்போட்டால்?" அவர் கை பட்ட துணியைப் பிள்ளைக்குச் சுற்றலாம், அவர் மட்டும் வாசலில் நிற்கக்கூடாது என்றால் அது என்ன நியாயம்? சங்கத்தில் இதை மறைக்காமல் பேசினோம். இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டது உண்மை. கடைசியில் கர்ப்பிணிப் பெண்ணின் தாயாரே போய், "நீ வந்து றிபனைக் கட்டினால்தான் நாங்கள் வாங்குவம்" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் வந்தார். மஞ்சள் நிற றிபனில் பூப்போல முடிச்சுப் போட்டதும் அவர்தான்.

எப்போது கொடுப்பது என்பதைச் சங்கம் தீர்மானிக்கக்கூடாது. பிள்ளை பிறக்க முன்னர் உடுப்புத் துணி வீட்டுக்குள் வரக்கூடாதென்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். முன்னரே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அந்தப் பயம் இன்னும் கூட. அவரிடமே கேளுங்கள். வேண்டாமென்றால் 31ஆம் நாள் துடக்குக் கழித்த பின்னர் கொடுங்கள். அதுவரை கேக்கைச் சங்கத் தலைவி வீட்டில், கரப்பான் எட்டாத இடத்தில், பழைய வேட்டித் துண்டொன்றால் மூடி வைக்கலாம். பொலித்தீனால் மூடினால் வியர்க்கும்.

பிரிக்கும்போது கூட இருந்து உதவுங்கள். சுருளுக்கு ஒன்றாக 18, தட்டுக்கு ஒன்றாக 2, மொத்தம் 20 றப்பர் பட்டிகள். எண்ணி எடுத்து உங்களோடு கொண்டுபோய்விடுங்கள். அந்த வீட்டில் தவழ்கிற மூத்த பிள்ளை இருந்தால், கீழே விழுந்த பட்டி நேரே வாய்க்குத்தான் போகும்.