தாம்பரத்திலிருந்து பெங்களூர் எவ்வளவு தூரம்?

சென்னையிலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று யாரைக் கேட்டாலும் "ஒரு மணி நேரம்" என்பார்கள். ரோட்டில் போனால் "ஆறு, ஏழு மணி நேரம்". வான்வழியில் சுமார் 270 கி.மீ., சாலையில் சுமார் 350 கி.மீ. இதோடு கணக்கு முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் மீனம்பாக்கம் ரன்வேயில் யாரும் குடியிருப்பதில்லையே :)

தாம்பரத்துக்காரர் ஒருவருக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். (சேலையூர், குரோம்பேட்டைப் பக்கம் இப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை.) விமான நிலைய விஷயத்தில் அவர் கொடுத்து வைத்தவர். மின்சார ரயிலில் திரிசூலத்தில் இறங்கினால் எதிரிலேயே ஏர்போர்ட். வீட்டிலிருந்து அரை மணி நேரம் போதும். ஆனால் ஒன்றரை மணி நேரம் முன்னாடியே போய் நிற்க வேண்டும். பயணம் ஒரு மணி. இறங்கி, பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி. ஆக மூன்றரை மணி நேரம்.

சிக்கல் இனிமேல்தான். இறங்கிய இடம் தேவனஹள்ளி, ஊருக்கு வடக்கே. எலெக்ட்ரானிக் சிட்டியோ தெற்குக் கோடியில். 50 கி.மீ.க்கு மேல், பெங்களூர் டிராஃபிக்கில்! இரண்டு மணி நேரம் என்பதே தாராள மனசோடு போட்ட கணக்கு. மொத்தம் ஐந்தரை மணி.

இப்போது காரில் பாருங்கள். வண்டலூர், ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூரில் ஏறினால் சென்னைக்குள் போகவே வேண்டாம். வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திப்பள்ளி... அடுத்து எலெக்ட்ரானிக் சிட்டியே வந்துவிடும். பெங்களூருக்குள்ளும் நுழைய வேண்டாம். டீ குடித்தது சேர்த்து ஆறு மணி. பஸ் என்றால் ஒரு மணி நேரம் கூட.

அரை மணி நேரம்தான் லாபம். விமானத்துக்குக் கூடுதலாகக் கொடுத்த காசை இந்த அரை மணியால் வகுத்துப் பார்த்தால் பி.காம். முதல் வருஷ மாணவன்கூட சிரிப்பான். போகிற இடம் ஹெப்பாள் என்றால் கதையே வேறு, அங்கே விமானம் சுலபமாக ஜெயித்துவிடும்.

2008 மே வரை பெங்களூருக்கும் எச்.ஏ.எல். விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருந்தது. தேவனஹள்ளி திறந்ததும் அங்கே பயணிகள் விமானம் நின்றது. விமானத்தின் வேகம் ஒன்றும் குறையவில்லை, ஆனால் தென் பெங்களூர்க்காரர்களுக்குப் பயணம் நீண்டுவிட்டது.

இப்போது நமக்குப் பரந்தூர். 2022-ல் தேர்வான இடம், சென்னையிலிருந்து சுமார் 70 கி.மீ. நிலத்தையும் ஏரிகளையும் இழக்கப் போகும் ஏகனாபுரம் மக்களின் போராட்டம் தனியாகவே பேச வேண்டிய பெரிய விஷயம். மீனம்பாக்கமும் தொடரும் என்கிறார்கள், நல்லது. ஆனால் எந்த விமானம் எங்கிருந்து கிளம்பும்? தென் சென்னை புறநகர்க்காரர்கள் இப்போதே கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பெங்களூர், திருச்சி, மதுரை மாதிரி குட்டிப் பயணங்களாவது மீனம்பாக்கத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாம்பரத்துக்காரர் பெங்களூர் விமானத்தைப் பிடிக்க ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தாண்டி சுங்குவார்சத்திரம் வரை போயிருப்பார். அது பெங்களூர் ரோடு. அங்கிருந்து பரந்தூருக்குத் திரும்பி, ஒன்றரை மணி நேரம் காத்திருந்து விமானம் ஏறுவதற்குள், வண்டியை நேராக விட்டிருந்தால் வேலூரே தாண்டியிருக்கலாம்.